கல்லீரலின் வேளைக்கணக்கு

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சிக்குச் செல்லும் சாலையோரத்தில் எஞ்சி நிற்கும் புளியமரங்களை அந்திவேளையில் உற்று நோக்குவோர் ஒரு காட்சியைக் காணலாம். பகலெல்லாம் விரிந்திருந்த சிற்றிலைகள் இணை இணையாகக் கூம்பிக்கொள்கின்றன. விடியலில் மீண்டும் விரிகின்றன. இதை முதன்முதல் எழுத்தில் பதிந்தவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படையில் பணியாற்றிய ஆண்ட்ரோஸ்தெனீஸ் என்பவர். வளைகுடாவிலுள்ள தைலோஸ் தீவில், அதாவது இன்றைய பஹ்ரைனில், இரவில் இலை மூடும் மரமொன்றை அவர் கண்டார். அம்மரம் உறங்குவதாக அத்தீவினர் கூறினர். அவருடைய நூல் அழிந்துபோயிற்று. செய்தியைத் தியோஃப்ராஸ்டஸ் தம் தாவர நூலில் காத்து வைத்தார். அது புளியமரமே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அரபியர் புளியைத் 'தம்ர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சம்பழம் என்றனர். ஐரோப்பிய மொழிகளில் அதன் பெயர் இதிலிருந்தே பிறந்தது. அம்மரத்தின் தாயகமோ ஆப்பிரிக்கா! பெயர்கள் எப்போதும் உண்மை பேசுவதில்லை.

இலை மூடுவது ஒளி குறைவதால்தானா என்னும் வினாவைச் சோதனைக்கு உட்படுத்தியவர் தெ மெய்ரான் என்னும் பிரெஞ்சு வானியலாளர். 1729ஆம் ஆண்டில் அவர் தொட்டாற்சிணுங்கி இனச் செடியொன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். வெளியே பகலான வேளையில் இருட்டிலிருந்த அச்செடியின் இலைகளும் விரிந்தன. இரவான வேளையில் கூம்பின. சூரியனைக் காணாமலே செடி வேளையை அறிந்திருந்தது. உயிரிகளின் உள்ளே காலத்தை அளக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு என்னும் இன்றைய உயிர்க்கடிகாரவியல் இச்சிறு சோதனையிலிருந்தே தன் வரலாற்றைத் தொடங்குகிறது.

இந்தியாவில் இத்துறையை வேரூன்றச் செய்தவருள் முதன்மையானவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தையியல் துறையை வளர்த்த, மறைந்த பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன். மதுரைக்கு அருகிலுள்ள குகைகளில் வாழும் வௌவால்களை அவரும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தனர். குகையின் ஆழத்தில் பகலும் இல்லை, இரவும் இல்லை. ஆயினும் அந்தியானதும் வௌவால் கூட்டம் தவறாமல் வெளியே பறக்கிறது. கூட்டம் வாழும் குகைக்குள் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தபோது, அவை வெளியே போக இயலாத நிலையிலும், தம் இனத்தின் போக்குவரவுக்கு ஏற்பத் தம் சுறுசுறுப்பின் வேளையை அமைத்துக்கொண்டன. கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது அவற்றின் உட்கடிகாரம் நின்றுவிடவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நாள்தோறும் சிறிது விலகி, வெளியுலகின் வேளையோடு பொருந்தாமல் போயிற்று. 1981இல் வெளியான இவ்வாய்வு இரண்டு உண்மைகளைத் தெளிவாக்கியது. கடிகாரம் உள்ளே இருக்கிறது. அதைச் சரிசெய்யும் கை வெளியே இருக்கிறது. அந்தக் கை ஒளியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களைக் கடிகாரம், கதிரொளி, செய்தித்தாள் எதுவுமின்றித் தனித்திருக்கச் செய்து ஆராயும் கூடமும் அமைக்கப்பட்டது. அங்கே தங்கிய பெண்ணொருவரைப் பற்றி 1991இல் வெளியான ஆய்வு, அவருடைய மாதவிடாய்ச் சுழற்சி அவருடைய தூக்க விழிப்புத் தாளத்தோடு பிணைக்கப்பட்டதன்று என்று கண்டது. உடம்பில் ஓடுவது ஒரே கடிகாரம் என்று எண்ணியவர்களை இது சிந்திக்க வைத்தது. நாம் பேசவந்த கல்லீரலின் கதைக்கு வாயில் இங்கேதான் திறக்கிறது.

நம் முன்னோர் கல்லீரலுக்குத் தந்த மதிப்பு பெரிது. இப்னு சீனாவின் 'அல்கானூன்' உள்ளிட்ட மருத்துவ நூல்கள், கிரேக்க மருத்துவரான காலனைப் பின்பற்றி, உணவு இரத்தமாக மாறும் இடமே கல்லீரல் என்றன. உடற்கூற்றியல் வளர்ந்தபின் அக்கருத்து நிலைக்கவில்லை. எனினும் குடலில் செரித்த உணவு முதலில் சென்று சேரும் சமையற்கட்டு அதுவே என்ற அளவில் அவர்களின் பார்வை பிழையானதன்று. அரபியில் பிள்ளையைக் 'கல்லீரலின் துண்டு' என்று கொஞ்சுவர். பாரசீக, உருதுக் கவிஞர்களுக்கு 'ஜிகர்' இன்றிக் காதலே இல்லை. நாமும் அச்சம் மிகுந்தால் 'ஈரக்குலை நடுங்கிற்று' என்கிறோம். உணர்ச்சியின் இருப்பிடம் என்று இத்தனை மொழிகள் கருதிய உறுப்பு, உண்மையில் வேதியியலின் இருப்பிடமாக இருக்கிறது.

அவ்வேதியியல் நாளின் எல்லா வேளைகளிலும் ஒரே சீராக நடப்பதில்லை என்பதை 1920களில் சுவீடன் நாட்டு மருத்துவர் எரிக் ஃபோர்ஸ்கிரென் முயல்களின் கல்லீரலில் கண்டார். சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும் வேளையும் பித்தநீரைச் சுரக்கும் வேளையும் மாறி மாறி வந்தன. உணவு உண்டதன் விளைவுதான் இது என்று அக்காலத்தவர் பலர் ஒதுக்கினர். இன்றோ, எலியின் கல்லீரல் அது உண்ணும் வேளையில் பருத்தும் உண்ணாத வேளையில் சுருங்கியும் நாள்தோறும் எடையில் மாறுவதாக 2017இல் ஜெனீவா ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஓர் உறுப்பின் பருமனே வேளைக்கு வேளை மாறுமானால், அதனுள்ளிருக்கும் பொருள்களின் அளவு மாறுவதில் வியப்பென்ன?

அப்பொருள்களுள் நாம் கருதவேண்டியவை ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள். உயிரணு உணவை எரித்து ஆற்றல் பெறும்போது ஆக்சிஜனின் பெரும்பகுதி தண்ணீராக முடிகிறது. ஒரு சிறு பகுதி, முழுமையாக வினைபுரியாமல், வீரியம் மிக்க வடிவங்களில் கசிகிறது. பத்திரிகைகள் 'ஃப்ரீ ராடிக்கல்' என்று அச்சுறுத்துவது இவ்வகையைத்தான். இவை உயிரணுவின் கொழுப்புச் சவ்வையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் தாக்க வல்லவை. இவற்றை அடக்க உயிரணு படிப்படியான ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறது. முதற்படியில் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி, சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. இந்நொதியின் செயலை 1969இல் மக்கார்டு, ஃபிரிடோவிச் இருவரும் வெளியிட்டனர். அடுத்து, கேட்டலேஸ், குளூட்டத்தயோன் பெராக்சிடேஸ் முதலிய நொதிகள் அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்குகின்றன. இரண்டாம் நொதி தன் வேலைக்குச் செலவிடும் பொருள் குளூட்டத்தயோன். 1921இல் ஃபிரெடரிக் ஹாப்கின்ஸ் பிரித்தெடுத்துப் பெயரிட்ட இச்சிறு மூலக்கூறு, குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் கோத்த மணிச்சரம். உடம்பில் இது மிகுதியாகச் சேர்ந்திருக்கும் உறுப்புகளுள் தலையாயது கல்லீரல். பெராக்சைடை அடக்குவதோடு, மருந்துகளின் நச்சுக் கழிவுகளைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு வெளியேற்றுவதும் அதன் பணி.

குளூட்டத்தயோனின் வரவும் செலவும் நாளுக்குள் ஏறி இறங்குகின்றன. இரவில் இரைதேடும் எலிகளில், உண்டு முடிக்கும் பின்னிரவு, காலை வேளைகளில் கல்லீரலில் அது உயர்ந்து, நெடுநேரம் உண்ணாதிருந்த பிற்பகல், மாலை வேளைகளில் தாழ்கிறது. பகலில் உண்ணும் மனிதருக்கு வேளைகள் பெரும்பாலும் எதிராக அமையும் என்பதால், எலியின் மணிக்கணக்கை அப்படியே நம் கைக்கடிகாரத்தில் பொருத்திவிடலாகாது. இவ்வெச்சரிக்கை இல்லாத கட்டுரைகளைப் பத்திரிகைகளில் நிறையப் படிக்கிறோம்.

ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் இரண்டு. முதலாவது, உயிரணுவின் உள்ளேயே இருக்கும் கடிகார மரபணுக்கள். பழ ஈயில் இத்தகைய மரபணு உண்டு என்று 1971இல் கொனோப்கா, பென்சர் இருவரும் கண்டனர். அம்மரபணுவை 1984இல் பிரித்தெடுத்து, அதன் இயக்கத்தை அடுத்த ஆண்டுகளில் விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் அமைப்பு எளிது. சில புரதங்கள் ஒரு மரபணுவைத் தூண்டுகின்றன. அம்மரபணு ஆக்கும் புரதம் பெருகிப் பெருகி, தன்னைத் தூண்டியவற்றையே தடுக்கிறது. பின்னர்த் தான் சிதைந்து குறைந்ததும் தூண்டல் மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி. இதே புரதங்கள் வேறு பல மரபணுக்களையும் வேளையறிந்து எழுப்புகின்றன. ஆக்சிஜனேற்றத் தடுப்புக்கான நொதிகளின் மரபணுக்களும் அவற்றுள் அடங்கும். பிமால்-1 என்னும் கடிகாரப் புரதம் இல்லாமற் பிறந்த எலிகள் விரைவில் முதுமையடைந்ததையும், அவற்றின் சில திசுக்களில் வீரிய ஆக்சிஜன் மிகுந்திருந்ததையும் 2006இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இரண்டாவது காரணம் உணவு. நொதி எத்துணை ஆயத்தமாக இருந்தாலும் சிஸ்டீன் என்னும் கச்சாப்பொருள் வந்தாலன்றிக் குளூட்டத்தயோன் உருவாகாது. கந்தகம் கொண்ட அந்த அமினோ அமிலம் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி வழியே வருகிறது. கடிகாரம் ஆயத்தம் செய்யும் வேளையும் உணவு வரும் வேளையும் ஒன்றினால் கையிருப்பு நிறைகிறது. இவ்விரண்டும் பிரிந்தால் என்னவாகும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அதற்குமுன், இத்துறையில் தமிழகம் செய்த பணி ஒன்றைக் கூறுதல் வேண்டும். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினர், ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்களும் அதைத் தடுக்கும் பொருள்களும் எலிகளில் நாள் முழுதும் எவ்வாறு மாறுகின்றன என்பதைப் பல ஆண்டுகள் அளந்து வந்தனர். உணவகங்களில் சுவைக்காகத் தூவப்படும் மோனோசோடியம் குளூட்டமேட் அத்தாளத்தை மாற்றுவதை 2004இல் வெளியிட்டனர். வேதிப்பொருளால் கல்லீரல் புற்று உண்டாக்கப்பட்ட எலிகளில் அத்தாளம் குலைவதையும், இரவில் மூளையின் பீனியல் சுரப்பி சுரக்கும் மெலட்டோனினைக் கொடுத்தபோது அது இயல்பை நோக்கித் திரும்புவதையும் 2008இல் வெளியிட்டனர்.

இவ்வாய்வுகளின் முறை கவனிக்கத்தக்கது. ஒரு பொருளின் அளவை ஒருமுறை மட்டும் பார்த்து 'மிகுதி', 'குறைவு' என்று தீர்ப்பளிப்பதில்லை. 24 மணி நேரத்தில் சீரான இடைவெளிகளில் பலமுறை அளந்து, கிடைத்த புள்ளிகளை ஓர் அலையாகப் பொருத்தி, அதன் நடுமட்டம், வீச்சு, உச்சவேளை என்னும் மூன்றையும் கணக்கிடுகின்றனர். 1959இல் 'ஏறத்தாழ ஒரு நாள்' என்னும் பொருளில் 'சர்க்கேடியன்' என்ற சொல்லை உருவாக்கிய ஃபிரான்ஸ் ஹால்பெர்க் வகுத்த வழி இது. நடுமட்டம் மாறாமலிருக்க, உச்சம் மட்டும் நான்கு மணி நேரம் தள்ளிப்போயிருந்தால், காலை எட்டு மணிக்கு மட்டும் அளப்பவர் 'குறைந்துவிட்டது' என்பார். நண்பகலில் அளப்பவர் 'கூடிவிட்டது' என்பார். இருவரும் உள்ளதைத்தான் சொல்வார்கள். இருவர் கூற்றும் பிழையாக முடியும். கல்லீரலின் வேதியியலில் 'எவ்வளவு' என்ற வினா 'எப்போது' என்ற வினாவின்றி நிறைவு பெறாது.

மரபணுவே இல்லாத உயிரணுவிலும் இத்தாளம் உண்டு என்பது பின்னர் வந்த பெரிய வியப்பு. மனிதச் செங்குருதி அணுவுக்கு உட்கரு இல்லை. அதை உடம்பிலிருந்து எடுத்து இருட்டில் வைத்தபோதும், பெராக்சிரெடாக்சின் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் புரதம் ஏறக்குறைய 24 மணிக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை 2011இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஓநீல், ரெட்டி இருவரும் கண்டனர். இதே தாளம் பாக்டீரியா, பூஞ்சை, தாவரம் என எல்லா உயிர்க்கிளைகளிலும் இருப்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது. ஆக்சிஜனோடு வாழக் கற்றதும் நாளைக் கணக்கிடக் கற்றதும் உயிரின் நெடிய வரலாற்றில் நெருங்கிய உறவினர் போலும்.

இனிக் கல்லீரலின் கடிகாரத்தைச் சரிசெய்யும் கை எது என்பதற்கு வருவோம். மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு உள்ளது. உடலின் தலைமைக் கடிகாரம் இதுவே என்று 1972இல் அறியப்பட்டது. கண் வழி வரும் ஒளியே இதற்குக் கட்டளை. கல்லீரலும் இதன் சொல்லுக்குக் கட்டுப்பட்டதே என்றுதான் நெடுங்காலம் எண்ணினர். 2000ஆம் ஆண்டில் ஜெனீவாவிலும் 2001இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் நடந்த ஆய்வுகள் இக்கருத்தைத் திருத்தின. இரவில் உண்ணும் எலிகளுக்குப் பகலில் மட்டும் உணவு தந்தபோது, மூளையின் கடிகாரம் அசையவில்லை. ஆனால் கல்லீரலின் கடிகாரம் உணவு வேளைக்கு ஏற்பத் தலைகீழாகத் திரும்பிவிட்டது. வர்ஜீனிய ஆய்வில் இரண்டே நாளில் அது 10 மணி நேரம் நகர்ந்திருந்தது. உணவு உண்டதும் சுரக்கும் இன்சுலின், கடிகாரப் புரதத்தின் ஆக்கத்தை நேரடியாகத் தூண்டுவது இதற்கொரு வழி என 2019இல் விளங்கியது.

மனிதரிடத்தும் இதன் சாயல் தெரிகிறது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 10 ஆடவரின் மூன்று வேளை உணவையும் 5 மணி நேரம் தள்ளி வைத்தனர். 2017இல் வெளியான முடிவின்படி, அவர்களுடைய மெலட்டோனினும் கார்ட்டிசாலும் வேளை மாறவில்லை. இரத்தச் சர்க்கரையின் தாளமோ ஐந்து மணிக்கு மேல் பின்தள்ளிப் போயிற்று. ஒரே உடம்பில் மூளை ஒரு வேளையிலும் சர்க்கரை மற்றொரு வேளையிலும் இருந்தன.

பள்ளிவாசலில் தொழுகை அட்டவணையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று. கீழ்பென்னாத்தூரின் சுவர்க்கடிகாரம் காட்டுவது 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரிய இந்தியப் பொதுநேரம். நம் ஊரோ ஏறத்தாழ 79 பாகையில் இருக்கிறது. ஆகவே சூரியன் நம் தலைக்கு நேரே உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியாக, 12 மணி கடந்து 13 நிமிடங்களுக்கு மேல். ரயிலுக்குப் போகிறவர் ஒரு கணக்கையும் லுஹருக்குப் போகிறவர் மற்றொரு கணக்கையும் பார்க்கிறார். இரண்டும் சரியே, ஒவ்வொன்றும் தன் தலைவனுக்குக் கீழ்ப்படிகிறது. முற்காலப் பெரும் பள்ளிவாசல்களில் இவற்றை ஒத்துப்பார்க்க 'முவக்கித்' என்னும் நேரக்கணிப்பாளர் இருந்தார். டமாஸ்கஸ் உமையாப் பள்ளியின் முவக்கித்தாக 14ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய இப்னு அஷ்ஷாத்திர் வானியல் வரலாற்றில் நிலைத்த பெயர். நம் உடம்பில் ஒளிக்குப் பணியும் மூளைக்கும் உணவுக்குப் பணியும் கல்லீரலுக்கும் இடையே ஒத்துப்பார்க்கும் முவக்கித் யார்? பெரும்பாலும் நம் பழக்கம்தான்.

ஆண்டுக்கு ஒரு மாதம் உணவு வேளையை முற்றிலும் மாற்றிக்கொள்ளும் சமுதாயத்துக்கு இவ்வாராய்ச்சி புறத்தே நிற்கும் செய்தியாக இருக்க இயலாது. இளைஞர் பத்துப் பேரை ரமளானுக்கு முன்னும் ரமளானின் 23ஆம் நாளிலும் ஆராய்ந்து, 2001இல் பிரான்சிலிருந்து வெளியான கட்டுரை, அவர்களின் மெலட்டோனினின் இரவு உச்சம் தாழ்ந்திருந்ததையும் கார்ட்டிசால் சுரப்புத் தொடங்கும் வேளை நகர்ந்திருந்ததையும் கண்டது. உணவு வேளை மாறியதோடு, உறக்கமும் வெளிச்சமும் சேர்ந்து மாறியதன் விளைவு அது.

இதை வைத்து நோன்பு உடலுக்குத் தீங்கு என்பாரும் உளர். நோன்பே எல்லா நோய்க்கும் மருந்து என்பாரும் உளர். இரண்டாம் சாரார் நம்மவர் என்பதால் அவர்களைப் பற்றிச் சொல்லவேண்டிய கடமை கூடுதல். 2016ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு நோன்பின் பயனைக் கண்டுபிடித்ததற்காகத் தரப்பட்டது என்னும் செய்தி, ரமளான் தோறும் கைப்பேசிகளில் உலா வருகிறது. மேடையில் சொல்வோரும் உண்டு. ஜப்பானியரான யொஷினொரி ஒசுமி அப்பரிசைப் பெற்றது, உயிரணு தன் பழுதுற்ற பகுதிகளைத் தானே செரித்துப் பயன்படுத்தும் இயக்கத்தை ஈஸ்ட் பூஞ்சையில் ஆராய்ந்து விளக்கியதற்காக. உணவின்மை அவ்வியக்கத்தைத் தூண்டுவது உண்மை. ஆயினும் அவர் ரமளான் நோன்பை ஆராயவில்லை. இறைவனுக்காக நோற்கும் வணக்கத்துக்கு ஈஸ்ட்டின் சான்றிதழ் எதற்கு?

பட்டினியால் கல்லீரலின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு வலுப்பெறும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் பொருந்தாது. இரண்டு நாள் உணவின்றி வைத்த எலிகளின் கல்லீரலில் குளூட்டத்தயோன் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஏனைய உறுப்புகளுக்குச் சிஸ்டீனைத் தரவேண்டியிருப்பதால் கல்லீரல் தன் கையிருப்பை அவிழ்க்கிறது. நம் நோன்போ இரண்டு நாள் பட்டினியன்று. தமிழகத்தில் அது 13 முதல் 14 மணி நேரம், இரு புறமும் உணவோடு. அவ்விரு உணவுகளும் எப்படி அமைகின்றன என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஸஹரைப் பிற்படுத்துவதும் நோன்பு திறப்பதை விரைவுபடுத்துவதும் நபிவழி. மாதம் முழுவதும் இவ்விரு வேளைகளையும் தவறாது பேணுபவரின் கல்லீரல், நாள்தோறும் ஏறக்குறைய அதே நேரத்தில் உணவைப் பெறுகிறது. புதிய வேளைக்குத் தன்னை நகர்த்திக்கொள்ள அதற்கு வாய்ப்புண்டு. பருப்பும் அரிசியும் சிறிது கறியும் சேர்ந்த நோன்புக் கஞ்சியில் சிஸ்டீனுக்கும் குறைவில்லை. ஆனால் நகரங்களில் நாம் காண்பது என்ன? மஃக்ரிபில் தொடங்கிய தின்பண்டம் தராவீஹுக்குப் பின் உணவுத் தெருக்களில் தொடர்ந்து நள்ளிரவு கடந்து முடிகிறது. ஸஹருக்கு எழாமலே நிய்யத்தோடு உறங்கிவிடுகின்றனர் இளைஞர் பலர். இன்று பதினோரு மணிக்குப் பெருவிருந்து, நாளை ஒரு மணிக்கு, மறுநாள் நோன்பு திறந்ததும். இவ்வாறு நாளுக்கொரு வேளையாகக் கட்டளையிட்டால் கல்லீரலின் கடிகாரம் எதற்குப் பணியும்? இக்குறையை நோன்பின் கணக்கில் எழுதுவது நியாயமன்று.

ரமளானுக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று இது. எங்கள் பகுதியிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் சென்று, வாரம் ஒரு முறைப்பணி என்று மாறி மாறி உழைப்போர் பலர். உடற்கடிகாரத்தைக் குலைக்கும் முறைப்பணியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்னும் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் சேர்த்தது. 2019இல் இரவுப்பணி என்னும் பெயரில் அதை மீண்டும் உறுதி செய்தது. அவர்கள் வேலை நேரத்தைத் தேர்ந்துகொள்ள இயலாது. உணவு நேரத்தை ஓரளவேனும் நிலைப்படுத்தலாம்.

தடுப்பி குறைகிறதென்றால் மாத்திரையாக விழுங்கலாமே என்று கேட்கலாம். மருந்துக்கடைகளில் 'ஆன்டி-ஆக்சிடன்ட்' என்ற பெயர் தாங்கிய புட்டிகளுக்குக் குறைவில்லை. பின்லாந்தில் புகைப்பழக்கமுள்ள 29,133 ஆடவரிடம் நடத்திய சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டோரிடத்தில் நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடுதலாக இருந்ததை 1994இல் அறிவித்தனர். ஹைட்ரஜன் பெராக்சைடுகூடச் சிறிய அளவில் உயிரணுவுக்குள் செய்தி சொல்லும் தூதாக இயங்குகிறது. எல்லா வேளையும் அதை அழித்துக்கொண்டிருப்பது உடம்பின் நோக்கமன்று.

அன்றாட வாழ்வில் குளூட்டத்தயோனின் பெருமதிப்பு வெளிப்படும் இடம், நாம் மிக எளிதாக வாங்கி விழுங்கும் பாரசிட்டமால். அம்மருந்தின் சிறு பகுதியைக் கல்லீரல் கடும் நஞ்சொன்றாக மாற்றுகிறது. குளூட்டத்தயோன் உடனே அதைப் பற்றி வெளியேற்றிவிடுகிறது. அளவு மீறினால் கையிருப்பு தீர்கிறது. இயல்பின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே சென்றதும் கல்லீரல் அணுக்கள் மடியத் தொடங்குகின்றன. எலிகளுக்கு ஒரே அளவு மருந்தைக் காலையில் கொடுப்பதைவிட மாலையில் கொடுத்தால் சேதம் மிகுகிறது: அவ்வேளையில் அவற்றின் குளூட்டத்தயோன் தாழ்ந்திருக்கிறது, நஞ்சாக்கும் நொதி உயர்ந்திருக்கிறது. மனிதருக்கு மருத்துவர் சொன்ன அளவில் இது நல்ல மருந்தே. நோன்பாளியும் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சவேண்டியது கணக்கில்லாமை. ரமளானின் முதல் வாரத்தில் தேநீர் இல்லாததால் தலைவலிக்கிறது. நோன்பு திறந்ததும் ஒரு மாத்திரை, தராவீஹுக்குப் பின் சளிக்கென வேறொரு பெயரில் ஒன்று, ஸஹரில் உடல்வலிக்கென மூன்றாவது. மூன்று பெயர்களுக்குள்ளும் இருப்பது பாரசிட்டமாலாகவே இருக்கலாம். நல்ல உடல்நிலையுள்ள பெரியவருக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மெலிந்தவர்க்கும் கல்லீரல் நோயுற்றவர்க்கும் மருத்துவர் அதைவிடக் குறைவாகவே வரையறுப்பார். பகலில் விழுங்க முடியாத மாத்திரைகளையெல்லாம் இரவின் பத்து மணி நேரத்துக்குள் நெருக்கி விழுங்கும்போது இக்கணக்கு எளிதில் தவறிவிடும். பையின் பின்புறத்திலுள்ள சிறிய எழுத்துகளைப் படிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை இருக்க, மருந்து வேளைகளைத் தாமே மாற்றிக்கொள்வோர், ஷஅபானிலேயே மருத்துவரைக் கண்டு பட்டியலை மாற்றியெழுதி வாங்குவது நலம்.

இதே குளூட்டத்தயோன் எங்கள் வட்டாரத்தின் முதன்மைப் பயிரோடும் தொடர்புடையது. நாங்கள் மல்லாட்டை என்றழைக்கும் வேர்க்கடலை, அறுவடைக்குப் பின் மழையில் நனைந்து ஈரத்தோடு குவிக்கப்பட்டால் அதில் படரும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. இங்கிலாந்தில் 1960இல் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, அவற்றுக்குத் தந்த கடலைப் பிண்ணாக்கிலிருந்தே இந்நஞ்சு அறியப்பட்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லை மாவட்டங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் நோயுற்று 106 பேர் இறந்தனர். கல்லீரல் இந்நஞ்சை முதலில் வீரியம் மிக்க வடிவமாக மாற்றிவிடுகிறது; பின்னர் ஒரு நொதியின் துணையோடு அவ்வடிவத்தைக் குளூட்டத்தயோனில் பிணைத்துக் கழிக்கிறது. சுண்டெலியிடம் அந்நொதி வலுவானது. அதனால் அது பிழைத்துக்கொள்கிறது. மனிதரிடம் அவ்வளவு வலுவில்லை. கருத்தும் சுருங்கியும் கசந்தும் இருக்கும் பருப்பை வறுத்தாலும் நஞ்சு முற்றும் நீங்குவதில்லை; பொறுக்கி எறிந்துவிடவேண்டும். எங்கள் வீட்டுப் பெண்டிர் முறத்தில் கடலையைப் பரப்பி, சொத்தையைத் தள்ளிவிட்டே செட்டிச்சட்டியில் இடுவர்.